வண்டிக்குச் சம்மதமா?

போன வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் என் கார் ஒரு கல்யாணத்தை நிறுத்தி வைத்திருந்தது.

நான் நிறுத்தவில்லை. நான் எடுத்த எடுப்பிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றுகூடச் சொன்னேன். கார்தான் பிடிவாதமாக இருந்தது.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் கார் புதிதல்லவே. நாலு பேர் கை மாறி, கடைசியில் ஏமாந்தவன் என்று என்னைத் தேடி வந்து சேர்ந்த சீமை வண்டி. மேடு கண்டால் மூச்சு வாங்கும். மழை பட்டால் ஜலதோஷம் பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய வேண்டுமானால் முன்பக்கம் போய்க் குனிந்து, இரும்புக் கம்பியைச் செருகி, முதுகு விட்டுப்போகும் வரை சுற்ற வேண்டும். "தினமும் காலையில் அதன் முன்னால் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறீர்களே, சுவாமிக்குச் செய்தாலாவது புண்ணியம் உண்டு" என்பது என் மனைவியின் கட்சி.

ஆனால் அந்தக் காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது! எங்கள் தெருவில் குடியிருக்கும் ஏஜெண்ட் வரதராஜன் விட்டால்தானே? "ஒரே ஒரு கீறல் விழட்டும், சார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பார். அவர் சொல்கிற அழகில், கீறல் எப்போது விழும் என்று எனக்கே ஆசை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை விழுந்தது.

மனைவிக்கு இருமல். நல்ல மலைத்தேன் வாங்கி வாருங்கள் என்றார் வைத்தியர். சேலம் கடைகளில் கிடைக்கும் தேனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை... வெல்லப்பாகு வியாபாரிகள் கோபித்துக்கொள்வார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் அன்று சந்தை என்று கேள்விப்பட்டேன். மலைக்காரர்கள் தேன், பலாப்பழம், சாமை எல்லாம் கொண்டு இறங்குவார்கள். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜில்லா போர்டு போட்ட ரோடு அடிவாரத்தில் ஒரு புளியமரத்தோடு முடிந்துபோகிறது. அதற்கு மேல் கால்நடைப் பாதைதான். தலைச்சுமைக்காரர்களும் பொதிமாடுகளும் ஏறி இறங்குகிற செங்குத்துப் பாதை. காரைப் புளியமரத்தடியில் நிறுத்தலாம் என்று போனால், நடு ரோட்டில் ஒரு காளை நின்றுகொண்டிருந்தது.

சாதாரணக் காளையா? கொம்புக்குச் சிவப்புச் சாயம், கழுத்தில் சலங்கை, நெற்றியில் பட்டம். அது பாட்டுக்கு மலையைப் பார்த்து நின்றது. நான் ஹாரன் அடித்தேன். என் கார் ஹாரனை நீங்கள் கேட்டதில்லை. தொண்டை கட்டிய எருது கத்துவது போல இருக்கும். காளை திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தது. கூப்பிட்டது யார் என்று தெரிந்துகொண்டது. வந்தது...

டமார்!

இடது மட்கார்டில் ஒரு பள்ளம். இடது ஹெட்லைட் பிடியிலிருந்து கழன்று, ஒயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. காளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொம்பிலிருந்த சிவப்புச் சாயம் கொஞ்சம் என் மட்கார்டுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அது மறுபடி மலையைப் பார்த்து நின்றுகொண்டது.

சந்தைக்கூட்டத்திலிருந்து ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏனுங்க சாமி, என்ற மாடுங்க... முட்டிப்போட்டுதுங்களா?"

பெயர் சடையன். மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது. தவிர, ஹாரன் அடித்து வம்புக்கு இழுத்தவன் நான்தானே? போதாததற்கு இன்ஷூரன்ஸ் வேறு இருக்கிறது. தாராளமாக இருப்பதற்கு இதைவிட நல்ல சமயம் வருமா?

"அட, விடப்பா. இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கும்" என்றேன்.

அதற்குள் நாலாபுறமும் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். சடையன் ஊரின் ஊர்க்கவுண்டர், மலையில் பஞ்சாயத்துச் சொல்லுகிறவர். மெலிந்த உடம்பு, பெரிய தலைப்பாகை. பள்ளத்தைப் பார்த்தார், தொங்கும் ஹெட்லைட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கம்பெனின்னு சொன்னீங்களே, அவிய யாருங்க? இந்த மாட்டுக்குச் சொந்தக்காரங்களா?"

"இல்லை."

"வண்டிக்குச் சொந்தக்காரங்களா?"

"அதுவும் இல்லை. அவங்க மெட்ராஸ்ல இருக்காங்க."

"மாடும் அவியளுது இல்ல, வண்டியும் அவியளுது இல்ல. பொறகு இந்தச் சண்டைக்குள்ள அவிய எதுக்குங்க வாராங்க?"

நான் விளக்க முயன்றேன். வருஷா வருஷம் நாம் அவர்களுக்குக் கொடுப்போம், ஏதாவது நடந்தால் அவர்கள் நமக்குக் கொடுப்பார்கள் என்றேன். எதுவும் நடக்காவிட்டால்? ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் ஏதாவது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வீர்களா என்று ஒருவர் கேட்டார். நான் இருமினேன்.

"செரி, அவியளுக்கு எப்பிடித் தெரியுமுங்க, மாடுதான் முட்டுச்சுன்னு?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வைக்கணும். சடையனும் வந்து சொல்லணும். மாட்டைக்கூடப் பார்க்கணும்பாங்க."

போலீஸ் என்றதும் சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த மனிதருக்குத் திங்கட்கிழமை கல்யாணம். சாயம் பூசிய அந்தக் காளை, பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரிய மாடு. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கல்யாணச் சாமான் வாங்கச் சேர்ந்து சந்தைக்கு இறங்கியிருக்கிறார்கள். வாங்கியாயிற்று, மலையேற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நான் போய் ஹாரன் அடித்திருக்கிறேன்.

முதல் மனைவி காய்ச்சலில் போய்ப் பல வருஷமாகிறது சடையனுக்கு. அதே மலையில் திருப்புலி நாட்டில் வெள்ளையம்மா என்ற பெண்ணைக் கேட்டார். பெண்ணின் தாய்மாமன் மாரப்பன் பிடி கொடுக்கவில்லை. ஒரு வருஷம் மழை இல்லை என்றார். ஒரு வருஷம் மழை அதிகம் என்றார். பிறகு சடையன் வீட்டுக் கூரை பழசு என்றார், கூரை மாற்றியதும் கதவு சிறிசு என்றார். சாக்குகள் எல்லாம் தீர்ந்துபோய், இந்த வருஷம்தான் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். தீராத வழக்கு ஒன்று வாசலில் நிற்கும்போது அங்கே தாலி கட்டுகிற வழக்கமில்லை. இது தவறினால் அடுத்த சாக்கு தயாராவதற்கு மாரப்பனுக்கு எத்தனை நேரம் பிடிக்கும்?

போலீஸ், கம்பெனி எதுவும் வேண்டாம், நாமே பேசி முடித்துக்கொள்வோம் என்று நான் சொன்னேன். சடையன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"முறைப்படி முடிச்சுப்போடலாமுங்க" என்றார் ஊர்க்கவுண்டர், ரொம்பத் திருப்தியாக.

முறைப்படி என்றால் என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் காயத்தை அளந்தார்கள். மாடு குத்தின புண்ணுக்கு என்ன கணக்கோ எனக்குத் தெரியாது, மட்கார்டுப் பள்ளத்துக்கு அவர்கள் வைத்த கணக்கு இது: பள்ளம் நிறையச் சாமையைக் கொட்டுவது, பள்ளம் எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவு தேனைச் சடையன் எனக்குக் கொடுப்பது. சடையன் பக்கத்து ஆட்கள் சாமையைக் கொட்டி, உள்ளங்கையால் வழித்து மட்டமாக்கினார்கள். குவித்துத்தான் அளக்க வேண்டும் என்றார் மாரப்பன். வழித்தா, குவித்தா என்று ஒரு விவாதம். யார் கட்சியில் சேருவது என்று எனக்குத் தெரியவில்லை. பாவம், சடையன்... ஆனால் நான் வந்ததே தேனுக்குத்தானே? பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாக விழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கடைசியில் லேசாகக் குவித்து அளந்து, அதே அளவு தேனை என் கூஜாவில் ஊற்றினார்கள். அள்ளியது போக மிச்சச் சாமை பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானே? எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை. என் வண்டியும் ஒண்ணும் நினைச்சுக்காது" என்றேன்.

ஒரு மரியாதைக்குச் சொல்வோமில்லையா? 'எங்கள் வீட்டு நாய்கூட உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது' என்று நாம் சொல்வதில்லையா? அந்தக் கணக்கில் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதெப்பிடீங்க நீங்க சொல்லலாம்?" என்று முன்னால் வந்தார் மாரப்பன். கட்டுக்குடுமி, கணீரென்ற குரல். "முட்டு வாங்குனது நீங்களா?"

"இல்லை..."

"முட்டு வாங்குனது எதுவோ அதையுமில்ல கேக்கோணும்?"

ஒரு மாடு இன்னொரு மாட்டைக் குத்திவிட்டால், சொந்தக்காரர்கள் இருவரும் சமாதானம் ஆனால் மட்டும் போதாதாம். குத்து வாங்கிய மாட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். கோயில் கிடாய்க்குத் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே, அதே மாதிரிதான். சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் மனசில் கறுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வழக்கு தீரவில்லை.

நான் ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். "பெரியவரே, இது கார். தகரம். இதுக்கு உயிர் கிடையாது."

"உசுரு இல்லேன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. சந்தைக்கு வாரம் தவறாம பஸ் வருது, நாங்க பாக்காத வண்டியா?" என்றார் அவர். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. கம்பெனிக்காரங்க மாட்டப் பாக்கோணும்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? மாடு அவியகிட்ட என்னத்தப் பேசப்போவுது?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.

ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் வந்தது. கூட்டம் வட்டமாக ஒதுங்கியது. ஊர்க்கவுண்டர் காரின் நெற்றியில், அதாவது ரேடியேட்டர் மூடியில், தண்ணீரை ஊற்றினார். அத்தனை பேரும் என் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். அதென்னமோ, கொஞ்சம் எதிர்பார்க்கவும் செய்தேன்.

கார் அசையவில்லை.

இரண்டாவது செம்பு. ஊஹூம்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அட, இதென்ன பிரமாதம்? எஞ்சினைக் கிளப்பிவிட்டால் இந்த வண்டி சிலுப்புகிற சிலுப்பலில் புளியமரமே ஆடுமே! மலேரியாக் காய்ச்சல்காரன்கூட அப்படி நடுங்க மாட்டான். "இருங்க, இதோ கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஸீட்டுக்கு அடியில் கிடக்கும் கம்பியை எடுக்கப் போனேன்.

கம்பியோடு திரும்பிப் பார்த்தேன். சிலுப்பாத கிடாய்க்குக் காதில் தண்ணீர் விடுவது வழக்கம். காருக்குக் காது எங்கே என்று தேடியிருக்கிறார்கள். பானெட்டின் பக்கத் தகடு காதுபோலத்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, சடையனே ஒரு குடம் தண்ணீரை உள்ளே கவிழ்த்துக்கொண்டிருந்தார். தன் கல்யாணமாயிற்றே, கஞ்சத்தனம் செய்வாரா?

மாக்னெட்டோ முழுகிவிட்டது.

கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற உறுப்பு அது. நனைந்தால் தீர்ந்தது. நான் கம்பியைச் செருகிச் சுற்றினேன். கார் ஒரு தடவை 'ப்ஸ்' என்றது. மறுபடி சுற்றினேன். 'ப்ஸ்'கூட இல்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினேன். வியர்வை ஆறாக ஓடியது.

"கெஞ்சறாருங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"வேணாமுன்னுதான சொல்லுது?" என்றார் மாரப்பன். "சம்மதமில்லாததக் கட்டாயப்படுத்துனா அது நாயமா?"

இந்த மனிதர் மட்டும் சேலத்தில் பிறந்து ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தால் எத்தனை வக்கீல்களின் பிழைப்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு வழி? காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். யோசிக்கிற பாவனையில் சற்று அசைந்தேன். பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு வெட்கத்தை விட்டு ஸீட்டின் மேல் எழும்பி எழும்பிக் குதித்தேன். ஆமாம் ஐயா, குதித்தேன்! கண்ணியமான ஒரு பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவன், பட்டப்பகலில், ஒரு சந்தை முழுக்க வேடிக்கை பார்க்க, காருக்குள் குதித்தேன்.

"சாமி" என்றார் மாரப்பன், கொஞ்சம் பரிதாபமாகவே. "சிலுப்பறது நீங்க."

இறங்கிவிட்டேன்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இருட்டுவதற்குள் அவர்கள் மலையேறியாக வேண்டும். சந்தை கலைந்துகொண்டிருந்தது. மாரப்பனின் ஆட்கள் உப்பு மூட்டையையும் புதுத்துணி மூட்டையையும் தனியாகப் பிரித்து வைத்தார்கள். அதுவரை எல்லாச் சாமானும் ஒரே குவியலாகக் கிடந்தது. இப்போது இரண்டு குவியலாயிற்று. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து இதெல்லாம் ஒரு கூத்து, அடுத்த வாரப் பத்திக்கு ஆயிற்று என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சடையன் அந்த இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு நின்றார். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நான் அங்கவஸ்திரத்தை எடுத்து மாக்னெட்டோவைத் துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன்.

காளையை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அது நின்று நின்று சலித்துப்போயிருக்க வேண்டும். மெல்ல நடந்து வந்தது. இன்னொரு முட்டா என்று நான் ஒதுங்கினேன். இல்லை. மட்கார்டுப் பள்ளத்தில் மிச்சம் கிடந்த சாமையை அது கண்டுபிடித்துவிட்டது. நாக்கை நீட்டிச் சுத்தமாக நக்கித் தின்றது. தின்றதும் கழுத்தில் தினவெடுத்ததோ என்னவோ, சாய்ந்து நின்று மட்கார்டில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தது.

கிறீச்... கிறீச்...

என் காரின் ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காளை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கார் இரண்டு ஆட்டம் ஆடியது. முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆடியது. கதவுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஒயரில் தொங்கிய ஹெட்லைட் மேலும் கீழும் ஆடி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது.

"சிலுப்பிருச்சு! சிலுப்பிருச்சுங்க!" என்று கூட்டம் கத்தியது. சடையன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"இருங்க, இருங்க!" மாரப்பன் நடுவில் வந்து நின்றார். "மாடு ஒரசுது, வண்டி ஆடுது. இதுல சம்மதம் எங்கிருந்து வந்துது?"

ஊர்க்கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து நிதானமாக மறுபடி கட்டினார். அவருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"வண்டிக்குச் சக்கரம் இருக்குதா இல்லியா, மாரப்பா?"

"இருக்குதுங்க."

"முட்டுன மாடு பக்கத்துல வந்து ஒரசுது. புடிக்கலேன்னா சக்கரத்த உருட்டிட்டு ரெண்டடி அக்கட்டால போயிருக்குமா போயிருக்காதா? போவலியே. நவுராம நின்னு ஒரசிக்குதே. அதுக்குப் பேரு என்ன?"

சக்கரத்துக்குப் பின்னால் நான் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அதைச் சொல்வது என் கடமை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கல்லின் முன்னால் போய் என் வேஷ்டி மறைக்கும்படி நின்றுகொண்டேன்.

"நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!" என்று குரலை உயர்த்தினார் மாரப்பன். "ஒருத்தரு பக்கத்துல இன்னொருத்தரு நவுராம நின்னுட்டா அது சம்மதமா? அப்பிடி எந்த ஊர்லீங்க இருக்குது?"

புளியமரத்தடியில் சலசலப்பு. பகல் முழுவதும் அங்கே ஒரு பெண் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். நான் அவளைப் பார்த்திருந்தேன், சாமானுக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். கூட்டம் விலகி வழி விட, நேராக நடந்து வந்து சடையனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி நின்றாள்.

"நானும் நிக்கறனுங்க மாமா" என்றாள் வெள்ளையம்மா. "நவுர மாட்டேன். இது சம்மதமா இல்லியான்னு சொல்லிப்போடுங்க."

காளைகூடத் தேய்ப்பதை நிறுத்திவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, வாசகர்களே. காலையிலிருந்து எத்தனை பேர், எத்தனை செம்பு, எத்தனை குடம்! ஒரு தகர வண்டியைச் சம்மதமா சம்மதமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணம் யாருக்கோ, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாரப்பன் கேட்கவில்லை, ஊர்க்கவுண்டர் கேட்கவில்லை. மெத்தப் படித்த நானும் கேட்கவில்லை. சட்டமும் சம்பிரதாயமும் தெரிந்த ஆண்பிள்ளைகள் நாலு பேர் கூடினால் இப்படித்தான் ஆகிறது. காரின் காதைத் தேடுகிறோம்.

சடையன் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மெட்ராஸ் ஹைகோர்ட்டே வந்திருந்தாலும் மாரப்பன் விட்டிருக்க மாட்டார், ஆனால் இதற்கு அவரிடம் பாயிண்ட் இல்லை. தன் ஆட்களைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க? மூட்டையத் தூக்குங்க. இருட்டுதில்ல!"

இரண்டு குவியலும் மறுபடி ஒன்றாயின. நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

ஆனால் முறை இன்னும் முடிந்துவிடவில்லை! சமாதானமான கட்சிக்குக் கல்யாணத்தில் முதல் வெற்றிலை கொடுப்பது வழக்கமாம். கார் வந்தாக வேண்டும். வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் யார் தெரியுமா? மாரப்பன்தான். பெண் வீட்டு மரியாதையாயிற்றே, விடுவாரா? கார் ரோட்டிலேயே திணறும், இந்தச் செங்குத்துப் பாதையில் எப்படி ஏறும் என்று நான் கேட்டேன். தூக்கிக்கொண்டு போகலாம் என்று சில இளவட்டங்கள் சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அலறினேன். ஊர்க்கவுண்டர்தான் வழி சொன்னார்.

"ஊட்ல எல்லாரும் வரமுடியலேன்னா ஒருத்தரு வந்தாப் போதுமில்லீங்க?"

எல்லோரும் அந்த ஹெட்லைட்டைப் பார்த்தார்கள்.

நானே ஒயரைக் கழற்றிக் கொடுத்தேன். புதுத்துணி மூட்டையைப் பிரித்து, ஒரு கோடித் துண்டில் அதைச் சுற்றினார்கள். வெள்ளையம்மா அதைத் தன் கூடையில், விற்காமல் மிஞ்சிய பலாப்பழத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"வாரமுங்க சாமி" என்றார் சடையன். "வண்டிகிட்டயும் சொல்லிப்போடுங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவும் செய்தேன்.

காளை முன்னால், சடையனும் வெள்ளையம்மாவும் பின்னால், எல்லோருக்கும் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே மாரப்பன் என்று வரிசையாக ஏறி மறைந்தார்கள். கடைசி ஆள் மறைந்ததும் கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினேன். கார் உடனே கிளம்பி, உச்சி முதல் உள்ளங்கால் வரை கிடுகிடுவென்று சிலுப்பியது! பார்க்க ஒரு குருவிகூட இல்லை.

ஒற்றைக் கண்ணோடு தட்டுத்தடுமாறிச் சேலம் வந்து சேர்ந்தேன். தேன் நல்ல தேன். மனைவிக்கு இருமல் குறைந்திருக்கிறது. இதை நீங்கள் படிக்கும்போது அங்கே மேளம் கொட்டி முடிந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் ஏஜெண்ட் வரதராஜன் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "அடடா, அடடா!" என்று சந்தோஷமாக வருத்தப்பட்டார்.

"முட்டினது யார், சார்?"

"மாப்பிள்ளை வீட்டுக் காளை. பேசித் தீர்த்துவிட்டோம்."

"தீர்த்துவிட்டீர்களா! யாரைக் கேட்டுத் தீர்த்தீர்கள்?"

"காரைத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ராத்திரி எனக்குத் தலையில் ஏதாவது அடிபட்டதா என்று என் மனைவியிடம் ஜாடையாக விசாரித்தார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அது போகட்டும். உடைந்த ஹெட்லைட்டைக் கம்பெனி பார்க்க வேண்டுமே, சார். எங்கே அது?"

"திங்கட்கிழமை முகூர்த்தம், வரதராஜன். பெண் வீட்டாரோடு முன்னாலேயே போய்விட்டது."